ஓய்வில் நிற்கும் வண்டிகளின் பாட்டரியைப் பேணும் முறை

நமது கிராமங்களில் மோட்டார் காரும் டிராக்டரும் இப்பொழுது அபூர்வப் பொருள்களல்ல. நஞ்சை நிலம் உடையவர் பலரிடம் டிராக்டர் ஒன்றும், சற்று வசதி வாய்ந்தவரிடம் காரொன்றும் இருக்கக் காண்கிறோம். ஆனால் பட்டணவாசியின் கார் நாள்தோறும் ஓடுவது போல் இவை ஓடுவதில்லை. காவேரிப் பாசனப் பிரதேசத்தில் குறுவைக்கும் சம்பாவுக்கும் சேறடிக்கும் காலத்தில் ஓயாது உழைக்கும் டிராக்டர், தை மாசி அறுவடை தீர்ந்த பின்னர் வைகாசி வரையில் பெரும்பாலும் கொட்டகையில் நிற்கிறது. காரோ, கலியாணம், கோர்ட்டு, ஆஸ்பத்திரி என ஏதேனும் காரியம் நேர்ந்தாலொழிய வெளியே எடுக்கப்படுவதில்லை. பிள்ளைகள் வெளியூரில் உத்தியோகம் பார்க்கும் வீடுகளில், பண்டிகைக்கு அவர்கள் வந்தால்தான் காருக்கு வேலை.

இவ்விதம் நின்ற வண்டியை ஒருநாள் அவசரமாக எடுக்கப் போகுங்கால், சாவியைத் திருப்பியதும் 'டிக், டிக்' என்னும் ஓசை மாத்திரம் கேட்கிறது, செல்ப் எடுப்பதில்லை. "வண்டியை ஓட்டவே இல்லையே, பாட்டரி எப்படிக் கெட்டது?" என்று உடையவர் வியக்கிறார். ஓட்டாததனாலேயே கெட்டது என்பதே இதற்கு விடை. 2020-ம் வருஷம் மார்ச்சு மாதம் 25-ந் தேதி முதல் தேசமெங்கும் ஊரடங்கு அமுலில் இருந்தபோது, வாரக்கணக்கில் நின்றுவிட்ட எண்ணற்ற வண்டிகளுக்கு இக்கதியே நேர்ந்தது. பட்டணங்களில் அன்று ஒரு தடவை கண்ட கஷ்டம், நமது கொட்டகைகளில் வருஷந்தோறும் கோடையில் நிகழ்ந்து வருகிறது. சிறிது கவனத்தால் இதனை முற்றும் தவிர்க்கலாம். அதற்குரிய முறைகளை ஈண்டு விவரிப்போம்.

இது அற்ப விஷயமன்று

பழைய மோட்டார்களில் முன்புறம் கைப்பிடியைச் செருகிச் சுழற்றி இஞ்சினைக் கிளப்புவது வழக்கம். 1912-ம் வருஷத்தில் அமெரிக்காவின் காடிலாக் கார்களில், சார்லஸ் கெட்டரிங் என்பார் அமைத்த மின்சார ஸ்டார்ட்டர் பொருத்தப்பட்டது. அதன்பின் கைப்பிடி நாளடைவில் ஒழிந்தது. இன்றுள்ள கார்களிலும் டிராக்டர்களிலும் பாட்டரி ஓய்ந்தால் கையால் கிளப்ப வழியில்லை. கியரை மாற்றிக் கொடுக்கும் பழைய மாதிரியான கார்களைச் சிலர் தள்ளிக் கிளப்புவர்; தானே கியர் மாறும் கார்களில் அதுவும் இயலாது.

2023-ம் வருஷம் கோடையில், நமது வட்டத்தைச் சேர்ந்த ஓர் ஊரில், வைக்கோற் போரருகே படுத்திருந்த பண்ணையாள் ஒருவரை இரவில் பாம்பு தீண்டிவிட்டது. பண்ணை வீட்டில் நல்ல கார் ஒன்று உண்டு, பெட்ரோலும் இருந்தது. ஆறு வாரமாக எடுக்கப்படாமையால் அது கிளம்பவில்லை. ஊரார் கூடி, தெருக்கோடி வரையில் தள்ளிக் கிளப்புவதற்குள் ஏறக்குறைய அரை மணி நேரம் கழிந்தது. தெய்வாதீனமாக அம்மனிதர் பிழைத்துக்கொண்டார். விஷக்கடிக்கும், பிரசவ வேதனைக்கும், மார்வலிக்கும் அரை மணி என்பது எவ்வளவு பெரிய காலம் என்று சொல்ல வேண்டுவதில்லை. பாட்டரியின் விலை போவது ஒரு நஷ்டம். வேண்டிய வேளையில் வண்டி உதவாமற் போவது அதனினும் பெரிது.

பாட்டரியின் அமைப்பு

இஞ்சினைக் கிளப்புவதற்கு இன்றும் பெரும்பான்மையான கார்களிலும் டிராக்டர்களிலும் உபயோகப்படுவது ஈயப் பாட்டரியே. பிரான்சு தேசத்துச் சாஸ்திரி காஸ்டன் பிளாந்தே என்பவர் 1859-ம் வருஷத்தில் கண்டுபிடித்த தத்துவம் இன்றும் மாறவில்லை. பன்னிரண்டு வோல்ட் பாட்டரியில் ஆறு அறைகள் உண்டு. இவற்றைச் 'செல்' என்பர். ஒவ்வொரு செல்லும் சுமார் 2.1 வோல்ட் கொடுக்கும். செல்லினுள் இரண்டு வகைத் தகடுகள் மாறி மாறி நிற்கின்றன. கூட்டல் குறியுள்ள முனையைச் சேர்ந்தவை ஈய டையாக்ஸைடு பூசியவை. கழித்தல் குறியுள்ளவை பஞ்சு போன்ற தூய ஈயம். இவை கந்தகத் திராவகமும் ஜலமும் கலந்த கலவையில் அமிழ்ந்திருக்கும்.

பாட்டரியிலிருந்து மின்சாரம் செலவாகுங்கால், திராவகத்திலுள்ள கந்தகச் சத்து தகடுகளில் ஏறி, இருவகைத் தகடுகளும் ஈய ஸல்பேட்டாக மாறுகின்றன. கலவை நீர்த்துப் போகிறது. மின்னேற்றம் செய்யும்போது அச்சத்து தகடுகளை விட்டு மீண்டும் கலவைக்குத் திரும்புகிறது. இப்போக்கு வரவு ஒழுங்காக நடக்கும் வரையில் பாட்டரி சுகமாயிருக்கும்.

ஓய்வில் நேரும் கேடு

மின்சாரம் செலவான உடனே தகட்டில் படியும் ஸல்பேட், மாவுபோல் நுண்ணியதாயிருக்கும். உடனே மின்னேற்றினால் அது எளிதிற் கரைந்து விடும். அப்படியின்றி வாரக்கணக்கில் விட்டுவிட்டால், அந்நுண்பொடிகள் ஒன்றோடொன்று சேர்ந்து கற்கண்டைப் போல் பெருத்து இறுகுகின்றன. இறுகிய ஸல்பேட் மின்னேற்றத்துக்கு மசிவதில்லை. அது மூடிய தகட்டின் பாகம் வேலைக்கு உதவாது. இதுவே பாட்டரியின் க்ஷயரோகம். புதிதாக வாங்கி ஒரு வருஷங்கூட ஆகாத பாட்டரியும், இரண்டு மூன்று மாதம் வெறுமையாய்க் கிடந்தால், பழையது போல் ஆகிவிடும்.

ஈரம் காயாத விதைநெல்லைப் பத்தாயத்தில் கொட்டி வைத்தால் முளைப்புத் திறன் கெடுவதைக் குடியானவர்கள் அறிவர். எவ்வளவு உயர்ந்த விதையாயினும், வைக்கும் பொழுதே சரியான பதத்தில் வைக்க வேண்டும். பாட்டரியும் அவ்வாறே. முழு மின்னேற்றத்தோடு ஓய்வுக்குச் சென்ற பாட்டரி நலமாக எழும். அரைவயிற்றோடு சென்றது எழாது. இந்த ஒரு விதியை நினைவிற் கொண்டால், பிற முறைகள் யாவும் தாமே விளங்கும்.

மின்சாரம் கசியும் வழிகள்

நிற்கும் வண்டியில் மின்சாரம் எங்கே போகிறதென்று கேட்கலாம். அது மூன்று வழிகளிற் போகிறது.

முதலாவது, பாட்டரி தனக்குள்ளேயே இழப்பது. ஆன்டிமனி கலந்த ஈயத்தாலாகிய பழைய வகைப் பாட்டரி, மிதமான உஷ்ணத்தில் மாதம் ஒன்றுக்கு நூற்றுக்கு ஐந்து பங்கு வரையில் இவ்விதம் இழக்கும். கால்சியம் கலந்த புது வகை இதனினும் குறைவாக இழக்கும். ஆனால் உஷ்ணம் 10 டிகிரி ஏறினால் இவ்விழப்பு ஏறக்குறைய இரு மடங்காகிறது. தகரக் கொட்டகையில் சித்திரை வைகாசி வெயில் எவ்வாறு இருக்குமென்று யோசித்துப் பார்க்க. குளிர் தேசத்தில் பனிக்காலத்தில் வண்டிகள் ஓய்கின்றன. நமக்கோ ஓய்வுக் காலமும் கடுங்கோடையும் ஒன்றாகவே வருகின்றன. ஆகையால் அந்நாட்டுப் புத்தகங்களில் கண்ட தவணையை நாம் அப்படியே பின்பற்றலாகாது. இன்னும் அடிக்கடி கவனிக்க வேண்டும்.

இரண்டாவது, வண்டியிலுள்ள கருவிகள் குடிப்பது. புதிய கார்களில் சாவியை எடுத்த பின்னரும் கடிகாரம், கதவுப் பூட்டின் ரேடியோக் கருவி, திருட்டு எச்சரிக்கை மணி, இஞ்சினை ஆளும் கணிப்பொறி ஆகியவை விழித்தே இருக்கின்றன. இவை சாதாரணமாக 20 முதல் 50 மில்லியாம்பியர் வரையில் எடுத்துக்கொள்ளும். பின்னாற் பொருத்திய ஜி.பி.எஸ். கருவி, காமிரா, பாட்டுப்பெட்டி முதலியன தவறாக இணைக்கப்பட்டிருந்தால் இன்னும் அதிகம் போகும். டிராக்டரில் இத்தகைய கருவிகள் குறைவு. எனினும் உழவர் ஆசையாகப் பொருத்தும் பாட்டுப்பெட்டியும், அணைக்க மறந்த விளக்கும், திருப்பியபடியே விட்ட சாவியும் அங்கே அதே தீங்கைச் செய்யும்.

மூன்றாவது, பாட்டரியின் மேற்புறத்து அழுக்கு. திராவகத் துளியும் புழுதியும் ஈரமும் சேர்ந்து படிந்தால், இரு முனைகளுக்குமிடையே அவ்வழுக்கின் வழியாக மின்சாரம் மெல்லக் கசியும். போரடித்த தூசியும் சேறும் படியும் டிராக்டர்களில் இது சகஜம்.

ஒரு சிறு கணக்கு

சிறிய காரின் பாட்டரி 45 ஆம்பியர்-மணி அளவுள்ளதென்று வைத்துக்கொள்வோம். நிற்கும்போது வண்டி 30 மில்லியாம்பியர் எடுப்பதாயின், ஒரு நாளைக்கு 0.72 ஆம்பியர்-மணி போகும். முப்பது நாளில் 21.6. அதாவது ஏறக்குறையப் பாதிப் பாட்டரி. 50 மில்லியாம்பியராயின் மாதத்தில் 36 ஆம்பியர்-மணி; ஐந்தில் நான்கு பங்கு போயிற்று. தானே இழப்பது இதற்கு மேல். ஏரியின் மதகு இரவும் பகலும் கசிந்தால், பாய்ச்சல் இல்லாமலே ஏரி வற்றுவதை இது ஒக்கும்.

இஞ்சினைக் கிளப்புவதற்கு எவ்வளவு செலவென்று இதனோடு ஒத்துப் பார்ப்போம். ஸ்டார்ட்டர் 200 ஆம்பியர் எடுத்து 3 விநாடி சுழன்றாலும், செலவு 0.17 ஆம்பியர்-மணிதான். மேற்கண்ட கார் ஓர் இரவு 12 மணி நேரம் சும்மா நின்றால் 0.36 போகிறது. இரண்டு தடவை கிளப்புவதைக் காட்டிலும் ஓரிரவு ஓய்வில் அதிகம் செலவாகிறது!

ஐந்து நிமிஷம் கிளப்பி வைத்தாற் போதுமா?

வாரத்துக்கு ஒருமுறை கொட்டகையிலேயே ஐந்து நிமிஷம் இஞ்சினை ஓட விட்டு நிறுத்துவது பலருடைய பழக்கம். இதனாற் பயன் சொற்பம். மெதுவாக ஓடும் இஞ்சினில் ஆல்டர்னேட்டர் கொடுக்கும் மின்சாரம் குறைவு. தாராளமாக 10 ஆம்பியர் பாட்டரிக்குப் போவதாகக் கொண்டாலும், ஐந்து நிமிஷத்தில் 0.83 ஆம்பியர்-மணிதான் ஏறும். கிளப்பிய செலவு போக மிச்சம் 0.66. ஒரு வாரத்தில் கசிந்ததோ 5 ஆம்பியர்-மணி. வாரந்தோறும் இவ்விதம் பற்றாக்குறை வளர்ந்துகொண்டே போகும். அஃதன்றி, இஞ்சின் முழுவதும் சூடேறாமல் நிறுத்தப்படுவதால், புகைக்குழாயிலும் எண்ணெயிலும் நீர்த்துளி தங்கி இரும்புக்கும் கெடுதி உண்டாகும்.

ஆகையால் வண்டியை எடுத்தால் அரை மணிக்குக் குறையாமல், இயன்றால் முக்கால் மணி நேரம் சாலையில் ஓட்டி வர வேண்டும். அவ்வேளையில் குளிர்சாதனம், விளக்கு முதலியவற்றை அணைத்து வைத்தல் நலம். பத்து நாளைக்கு ஒருமுறை இவ்வாறு செய்யக்கூடியவர்களுக்கு வேறு ஏற்பாடு பெரும்பாலும் வேண்டாம். ஆயினும் பாட்டரி ஏற்கெனவே பாதிக்குக் கீழ் இறங்கியிருந்தால், ஓட்டி நிரப்ப முயல்வது போதாது. கடைசி ஐந்தில் ஒரு பங்கு மிக மெதுவாகவே ஏறுமாதலின், சார்ஜரில் வைத்தே முழுமையாக்க வேண்டும்.

ஓய்வுக்கு நிறுத்துமுன் செய்ய வேண்டியவை

இரண்டு வாரத்துக்கு மேல் வண்டி நிற்கும் என்று தெரிந்தால் பின்வருவனவற்றைச் செய்க.

1. பாட்டரியைச் சார்ஜரில் இட்டு முழு மின்னேற்றம் செய்க.

2. மேற்புறத்தை ஈரத்துணியால் துடைக்க. முனைகளில் வெண்மையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால், ஒரு குவளை ஜலத்தில் ஒரு தேக்கரண்டி சமையற் சோடாவைக் கரைத்துத் தேய்த்து, நல்ல ஜலத்தால் அலம்பி உலர்த்துக. சோடாக் கரைசல் செல்லினுள் ஒரு துளியும் இறங்கலாகாது, மூடிகள் இறுகியிருக்கட்டும்.

3. கழித்தல் குறியுள்ள முனையின் கம்பியை முதலிற் கழற்றுக. கூட்டல் முனையை முதலிற் கழற்றினால், ஸ்பானர் வண்டியின் இரும்பில் பட்ட மாத்திரத்தில் தீப்பொறி பறந்து கை வெந்துபோகும். திரும்ப மாட்டும்போது கூட்டல் முனையை முதலிலும் கழித்தல் முனையைக் கடைசியிலும் மாட்டுக.

4. கழற்றிய முனைகளுக்கு வாஸலீன் தடவுக.

புதிய கார்களில் கம்பியைக் கழற்றுமுன் வண்டியோடு வந்த கைப்புத்தகத்தைப் பார்ப்பது அவசியம். சிலவற்றில் ரேடியோவுக்கு இரகசிய எண் கேட்கும். கடிகாரமும் கண்ணாடி ஏற்றும் விசையும் மறுபடி சீர்செய்யப்பட வேண்டிவரும். கம்பியைக் கழற்றிய பிறகு பொத்தானை அழுத்தித் திறக்கும் சாவி வேலை செய்யாது. உலோகச் சாவியைக் கையில் வைத்துக்கொண்ட பின்னரே கதவை மூடுக. கம்பியைக் கழற்ற மனமில்லாதவர், பின்னாற் பொருத்திய கருவிகளின் பியூஸையாவது எடுத்து விடலாம்.

கம்பியைக் கழற்றினால் கசிவின் இரண்டாவது வழி அடைபடும். முதலாவது வழி அடைபடாது. ஆகையால் மாதம் ஒருமுறை பரீட்சிக்க வேண்டும்.

பரீட்சிக்கும் விதம்

சாதாரண மல்டிமீட்டர் ஒன்று பண்ணை வீட்டில் இருப்பது நலம். வண்டியை ஓட்டியோ மின்னேற்றியோ பல மணி நேரம் கழிந்த பின், விடியற்காலையில் இரு முனைகளிலும் வைத்துப் பார்க்க. பன்னிரண்டு வோல்ட் பாட்டரிக்கு அளவுகளாவன:

12.6 வோல்ட்டும் அதற்கு மேலும்: முழு நிறைவு.
12.4 வோல்ட்: முக்கால் பங்கு. மின்னேற்றத்துக்கு உரிய வேளை.
12.2 வோல்ட்: அரைப் பங்கு. தாமதிக்கலாகாது.
12.0 வோல்ட்: கால் பங்கு. கெடுதி தொடங்கிவிட்டது.
11.9 வோல்ட்டுக்குக் கீழ்: வெறுமை.

இஞ்சின் ஓடும்போது இதே இடத்தில் பார்த்தால் பெரும்பாலும் 13.8 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். அவ்வளவு ஏறாவிடின் கோளாறு ஆல்டர்னேட்டரிலோ பெல்ட்டிலோ இருக்கலாம். பாட்டரியை மாற்றிப் பிரயோஜனமில்லை.

மூடி திறக்கக்கூடிய பாட்டரிகளில் ஹைட்ரோமீட்டரால் திராவகத்தின் அடர்த்தியையும் பார்க்கலாம். முழு நிறைவில் சுமார் 1.265, பாதியில் சுமார் 1.190 இருக்கும். நமது நாட்டு உஷ்ணத்தை உத்தேசித்து அடர்த்தியைச் சற்றுக் குறைத்து நிரப்புவதும் உண்டாதலின், பாட்டரியோடு கொடுத்த குறிப்பே பிரமாணம். ஆறு செல்களில் ஒன்று மாத்திரம் மிகத் தாழ்ந்து நின்றால் அந்தச் செல் பழுதென்று அறிக. மூடிய பாட்டரிகளில் காணும் பச்சைக் கண் ஒரே செல்லின் நிலையைத்தான் காட்டும். அதை மட்டும் நம்பியிருத்தல் தகாது.

மின்னேற்றும் முறை

பாட்டரியின் அளவில் பத்தில் ஒரு பங்கு மின்சாரத்தை மெதுவாக ஏற்றுவதே உத்தமம். 45 ஆம்பியர்-மணிப் பாட்டரிக்கு 4.5 ஆம்பியர், டிராக்டரின் 90 ஆம்பியர்-மணிப் பாட்டரிக்கு 9 ஆம்பியர். அவசரத்துக்காக மிகுதியான மின்சாரத்தைச் செலுத்தினால் தகடுகள் சூடேறி வளையும்.

நிறைந்தவுடன் தானே தணிந்து, பின் சிறிதளவு மாத்திரம் கொடுத்துக் காக்கும் தானியங்கிச் சார்ஜர்கள் இப்போது கிடைக்கின்றன. நிறைந்த பிறகு இவை 13.2 முதல் 13.8 வோல்ட் வரையில் நிறுத்திக்கொள்ளும். மாதக்கணக்கில் நிற்கும் காருக்கு இதுவே சிறந்த ஏற்பாடு. தானே தணியாத பழைய சார்ஜரை மாட்டிவிட்டு மறந்துபோனால், கோடை உஷ்ணத்தில் ஜலம் கொதித்து வற்றிப் பாட்டரி பாழாகும். ஏ.ஜி.எம். என்று குறித்த பாட்டரிகளுக்கு அவ்வகைக்கென அமைந்த சார்ஜரையே உபயோகிக்க வேண்டும்.

மின்சார வசதியில்லாத களத்துக் கொட்டகையில், 10 வாட் அளவுள்ள சூரிய மின் பலகையைக் கூரைமேல் வைத்து, இடையே கட்டுப்பாட்டுக் கருவி ஒன்றைச் சேர்த்து டிராக்டர் பாட்டரிக்கு இணைக்கலாம். நல்ல வெயிலில் நாளொன்றுக்கு 2 ஆம்பியர்-மணி அளவு கிடைப்பது, தானே இழப்பதை ஈடுசெய்யப் போதுமானது.

மின்னேற்றுங்கால் ஹைட்ரஜன் வாயு வெளிவரும். காற்றில் நூற்றுக்கு நான்கு பங்கு சேர்ந்தாலே இது தீப்பொறி பட்டு வெடிக்கும். ஆதலால் காற்றோட்டமான இடத்தில் வைத்து, பீடி, விளக்கு முதலியன அருகில் வராமற் பார்க்க. சார்ஜரின் விசையை அணைத்த பின்னரே கவ்விகளை எடுக்க. திராவகம் கண்ணிற் பட்டால் தாமதியாமல் நிறைய ஜலம் விட்டுக் கழுவிக்கொண்டே இருந்து, உடனே வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

ஜலம் விடுதல்

திறக்கக்கூடிய பாட்டரிகளில் ஜலம் வற்றித் தகடுகள் வெளியே தெரிந்தால் அப்பாகம் மீளாது. கோடையில் மாதம் ஒருமுறை திறந்து பார்த்து, குறைந்திருந்தால் குறித்த மட்டம் வரையில் வாலைநீர் விடுக. கடைகளில் இதனை டிஸ்டில்டு வாட்டர் என்று விற்கின்றனர். கிணற்று ஜலமும் குழாய் ஜலமும் உப்பும் இரும்பும் கலந்தவை. தகடுகளுக்கு விஷம் போன்றவை. மின்னேற்றும்போது கலவை சற்றுப் பொங்குமாதலால், தகடு மூழ்கியிருப்பின் மின்னேற்றிய பிறகே மட்டத்தைச் சரிசெய்க.

சில தவறான கொள்கைகள்

பலவீனமான பாட்டரிக்குத் திராவகம் ஊற்றினால் பலம் வரும் என்பர். வற்றுவது ஜலமேயன்றித் திராவகமன்று. மேலும் திராவகம் சேர்த்தால் தகடு அரிக்கப்படும். கலவை வெளியே கொட்டிப்போன சமயத்தில் மாத்திரமே, அறிந்தவரைக் கொண்டு அதே அடர்த்தியுள்ள கலவையை ஊற்றலாம்.

சிமெண்டுத் தரையில் வைத்தால் மின்சாரம் தரையில் இறங்கிவிடும் என்பதும் பழைய எண்ணம். மரப்பெட்டியிலும் ரப்பர்ப் பெட்டியிலும் பாட்டரி செய்த நாளில் அதற்கு ஓரளவு காரணமிருந்தது. இன்றைய பிளாஸ்டிக் பெட்டிக்கு அப்பயம் வேண்டாம். நிழலான, குளிர்ந்த இடமாயிருந்தாற் போதும்.

இஞ்சின் ஓடிக்கொண்டிருக்கையில் பாட்டரிக் கம்பியைக் கழற்றி ஆல்டர்னேட்டரைச் சோதிப்பது சில மிஸ்திரிகளின் வழக்கம். டைனமோ இருந்த காலத்தில் இது நடந்திருக்கலாம். இக்காலத்து வண்டிகளில் அக்கணமே மின்னழுத்தம் பொங்கி, விலையுயர்ந்த கருவிகள் எரிந்துபோக இடமுண்டு. இதனை அனுமதியாதீர்.

டிராக்டர் பாட்டரியைக் கழற்றித் திருவிழா விளக்குக்கோ ஒலிபெருக்கிக்கோ கொடுப்பதும் நஷ்டமே. இஞ்சின் கிளப்பும் பாட்டரியின் தகடுகள் மெல்லியவை. சில விநாடி பெரும் வேகத்தில் கொடுக்கவே அமைந்தவை. இரவெல்லாம் விளக்கெரித்து வெறுமையாக்கினால், ஒவ்வொரு தடவையும் அதன் ஆயுள் குறையும்.

அவசரத்தில் பிற வண்டியின் உதவி

பாட்டரி ஓய்ந்தபோது வேறொரு வண்டியிலிருந்து தடித்த கம்பிகளால் இணைத்துக் கிளப்பலாம். முதலாவது கவனிக்க வேண்டியது, இரண்டும் பன்னிரண்டு வோல்ட்டாக இருத்தல். பெரிய லாரிகளும் பஸ்களும் 24 வோல்ட் உள்ளவை. அவற்றிலிருந்து காருக்கு இணைத்தால் கருவிகள் எரியும், பாட்டரி வெடிக்கவுங்கூடும். சிவப்புக் கம்பியை ஓய்ந்த பாட்டரியின் கூட்டல் முனையிலும், பின் நல்ல பாட்டரியின் கூட்டல் முனையிலும் மாட்டுக. கறுப்புக் கம்பியை நல்ல பாட்டரியின் கழித்தல் முனையில் மாட்டி, மறு நுனியை ஓய்ந்த வண்டியின் இஞ்சின் இரும்பில், பாட்டரிக்கு எட்டிய இடத்தில் மாட்டுக. கடைசி இணைப்பில் பொறி பறக்குமாதலின், அது வாயுவுக்கு அருகில் இருக்கலாகாது. கிளம்பிய பின் நேர்மாறான வரிசையில் எடுக்க. அன்றே சார்ஜரில் வைத்து முழுமையாக்கவும் மறக்கலாகாது.

மின்சாரக் கார்கள்

மின்சாரக் கார்களிலும், பெட்ரோலும் மின்சாரமும் கலந்து ஓடும் கார்களிலும், வண்டியை ஓட்டும் பெரிய லிதியம் பாட்டரியைத் தவிர, கதவு, கணிப்பொறி முதலியவற்றை எழுப்பச் சிறிய 12 வோல்ட் பாட்டரியும் பெரும்பாலும் உண்டு. அது ஓய்ந்தால், பெரிய பாட்டரி நிறைந்திருந்தும் வண்டி எழும்பாது. லிதியம் பாட்டரிக்கு விதி வேறு. அதனை நீண்ட ஓய்வில் முழு நிறைவிலோ வெறுமையிலோ விடாமல், ஏறக்குறையப் பாதி நிறைவில், நிழலில் வைத்தல் வேண்டும்.

கிராம அதிகாரிகளின் கவனத்துக்கு

ஊராட்சிக்குச் சொந்தமான டிராக்டர், குடிநீர் நிலையத்து ஜெனரேட்டர், குப்பை எடுக்கும் பாட்டரி வண்டி ஆகியவையும் இதே விதிக்கு உட்பட்டவை. வெள்ளமும் புயலும் வந்து மின்சாரம் நின்ற இரவில்தான் ஜெனரேட்டர் நினைவுக்கு வருகிறது. அன்று அது எழாவிடின் ஊருக்கே குடிநீர் இல்லை. ஆகையால் வண்டிப் புத்தகத்தில் பாட்டரி வாங்கிய தேதியையும், மாதந்தோறும் பார்த்த வோல்ட் அளவையும், ஜலம் விட்ட தேதியையும் எழுதி வர ஒருவரைப் பொறுப்பாக்குக. நம் உஷ்ணத்தில் பாட்டரி மூன்று முதல் ஐந்து வருஷம் வரையில் உழைக்கும். மூன்று வருஷம் கடந்ததை மழைக்காலம் தொடங்குமுன் கடையிற் காட்டிப் பரீட்சித்து வைத்தல் நலம்.

பழைய பாட்டரியை விற்பதிலும் பொறுப்புண்டு. 2022-ம் வருஷத்துப் பாட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, இவற்றை மற்றக் குப்பையோடு சேர்க்காமல், உரிய சேகரிப்பு வழியில் ஒப்படைக்க வேண்டும். புதியது வாங்கும் கடையில் பழையதைக் கொடுத்து விலையில் கழித்துக்கொள்வதே சுலபம். கிராமத்துக் கொல்லைகளில் பாட்டரியை உடைத்து ஈயம் உருக்க இடங்கொடுக்கலாகாது. அப்புகையும் தூசியும் குழந்தைகளின் உடலிற் சேர்ந்தால் மூளை வளர்ச்சி குன்றும். திராவகத்தை வாய்க்காலிலோ வயலிலோ கொட்டுவது மண்ணுக்கும் மாட்டுக்கும் கேடு.

பருவ வாரியாகச் செய்ய வேண்டியவை

மாசி: அறுவடை முடிந்ததும் டிராக்டரைக் கழுவி, பாட்டரியைத் துடைத்து, முழு மின்னேற்றம் செய்து, கழித்தல் கம்பியைக் கழற்றி நிழலில் நிறுத்துக.

பங்குனி, சித்திரை, வைகாசி: மாதம் ஒருமுறை வோல்ட்டும் ஜலமும் பார்க்க. 12.4-க்கு இறங்கினால் மின்னேற்றுக. காரைப் பத்து நாளைக்கு ஒருமுறை அரை மணிக்குக் குறையாது ஓட்டுக. இயலாதாயின் தானியங்கிச் சார்ஜரை மாட்டி வைக்க.

வைகாசிக் கடைசி: மேட்டூர் அணை திறக்கும் வழக்கமான நாளாகிய ஜூன் 12-ந் தேதிக்கு முன்னரே டிராக்டரை ஒருமுறை கிளப்பிப் பார்த்துக்கொள்க. தண்ணீர் வாய்க்காலில் வந்த பின்னர் பாட்டரிக் கடையில் காத்திருப்போருக்கு முதல் உழவு தவறும்.

மாதத்தில் கால் மணி நேரமும், வாலைநீருக்குச் சில ரூபாயும் இதற்குச் செலவாகும். இவ்வளவு செய்தவர் வீட்டு வண்டி, நள்ளிரவிலும் ஒரே திருப்பில் கிளம்பும்.